வடக்குச் சுவரிலிருந்து தெற்குச் சுவருக்கு

சென்ற மாதம் என் கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. என்னைக் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. இப்போதே செய்யட்டுமா, இரவில் செய்யட்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்று சொல்வதற்கு மட்டும் பொத்தான் வைக்கவில்லை. வருவாய்த் துறையில் காலமெல்லாம் நோட்டீஸ் தயாரித்தவன் என்ற முறையில் அந்த வாசகத்தை நான் ரசித்தேன். நாங்களும் அப்படித்தான் எழுதுவோம்.

மறுநாள் காலை திறந்தபோது, நான் வைத்திருந்த வெறும் நீலத் திரையைக் காணோம். அங்கே என் சித்தப்பா நின்றுகொண்டிருந்தார்.

இரவல் கோட்டு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, பூச்சாடி வைத்த முக்காலியின் மேல் ஒரு கை. பின்னால் படுதாவில் வரைந்த அரண்மனைப் படிக்கட்டு. நெற்றி நடுவில் சந்தனமும் குங்குமமும். குப்பைத் தொட்டிப் படம் சரியாக அவருடைய தோளில் போய் உட்கார்ந்திருந்தது. பழைய குடும்பப் படங்களை எல்லாம் ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருந்தேன். புதுப்பித்த கணினி அந்தக் கோப்பிலிருந்து தானாகவே ஒரு படத்தை எடுத்துத் திரையில் ஒட்டியிருக்கிறது. சற்று நேரம் சும்மா விட்டால், அதே முகத்தை மெல்ல மெல்லப் பெரிதாக்கி நம் அருகில் கொண்டுவருகிறது. உயிரோடு இருப்பவர் யார், இறந்தவர் யார் என்ற பாகுபாடு அதற்குக் கிடையாது.

என் மனைவிக்கு உண்டு. காபியோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"செத்தவங்கள இப்பிடியா நட்ட நடுவுல வெப்பாங்க? பேத்தி போட்டோ எவ்ளோ இருக்குது."

"நான் வைக்கல. அதுவா வெச்சிக்கிச்சு."

"அப்ப நீங்களா எடுங்க."

எடுக்கும் முறை எனக்குத் தெரியும். மூன்று பொத்தான்களில் முடிகிற வேலை. ஆனாலும் எடுக்கவில்லை. மாலையில் சென்னையிலிருந்து மகன் பேசினான். அம்மா முறையிட்டிருக்கிறாள்.

"போட்டோ இருக்கட்டும்பா. அந்தப் பொட்டு மட்டும் கறை மாதிரி இருக்குது. எடிட்ல போயி ஒரு தேய் தேய்ச்சீங்கன்னா போயிடும்."

"அதத் தேய்க்கிற அதிகாரம் எனக்கு இல்ல" என்றேன்.

சிரித்தான். நான் நகைச்சுவையாகச் சொல்லவில்லை. அந்தப் பொட்டைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. என் பெரியப்பா வழங்கியது. இன்றுவரை ரத்தாகவில்லை.

விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் புகைப்படங்களுக்கென்று இலாகாக்கள் பிரிக்கப்பட்டிருந்தன. கிழக்குச் சுவர் சாமிகளுக்கு. வடக்குச் சுவர் உயிரோடிருப்பவர்களுக்கு. தெற்குச் சுவர் காலமானவர்களுக்கு. மேற்கில் தெருக்கதவு இருந்ததால் அங்கே ஒரு காலண்டர் மட்டும். வடக்கே இருக்கும்வரை படத்துக்குப் பொட்டும் கிடையாது, பூவும் கிடையாது. ஒருவர் இறந்து, கருமாதி முடிந்த பிறகு, அவருடைய படச்சட்டம் கூடத்தைக் கடந்து தெற்கே போகும். கண்ணாடியின் மேல், நெற்றி இருக்கும் இடம் பார்த்து, சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். மனிதனுக்கு மரணம் முதலில் வரும், இடமாற்ற உத்தரவு பிறகு வரும்.

இந்த ஏற்பாடு ஆண்டுக்கு ஒருமுறை முழுக்கக் கலைந்துபோகும். பொங்கலுக்கு முன்பு வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். படங்களை எல்லாம் இறக்கிக் கட்டிலில் அடுக்குவோம். சட்டங்களுக்குப் பின்னாலிருந்து குருவிக்கூடுகளும் பழைய கல்யாணப் பத்திரிகைகளும் விழும். வெள்ளையடிக்க வருகிறவர், ஆணி இருந்தால் பூசுகிற மட்டை ஓடாது என்று சொல்லி, எல்லா ஆணிகளையும் பிடுங்கி, ஓட்டைகளைச் சுண்ணாம்பால் அடைத்து, நீலம் கலந்த வெள்ளையை ஒரே வீச்சாக இழுத்துவிடுவார். அதன் பிறகு சுவருக்கு எதுவும் நினைவிருக்காது. யார் எங்கே இருந்தார் என்பதை மனிதர்கள்தான் நினைவு வைத்துத் திரும்ப மாட்ட வேண்டும்.

அந்த வேலை பெரியப்பாவுடையது. அவர் தாலுகா ஆபீசில் எழுத்தர். வீட்டையும் அவ்விதமே நடத்தினார். என் அப்பா ரயில்வேயில் இருந்தார். எனவே வீட்டில் இருக்கமாட்டார். கடைசித் தம்பிதான் திரையில் நிற்கிற சித்தப்பா.

சித்தப்பாவுக்கு ஒரு சைக்கிள் கடை வைக்க வேண்டும் என்று ஆசை. வாடகைக்கு நாலு சைக்கிள், ஒரு காற்றடிக்கும் பம்பு, அவ்வளவுதான். "நம்ம குடும்பத்துல பஞ்சர் ஒட்டறதா?" என்று பெரியப்பா கேட்டதோடு அந்தக் கோரிக்கை தள்ளுபடியானது. மேல்முறையீட்டுக்கு இடமில்லை. கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடுவான் என்று கண்டமங்கலத்துப் பக்கத்திலிருந்து பெண் எடுத்தார்கள். சித்தி எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவள். கல்யாணத்துக்கு முன் பெண் வீட்டாரிடம் காட்டுவதற்காக எடுத்ததுதான் அந்தக் கோட்டுப் படம்.

கல்யாணமாகிச் சில மாதங்களில், ஒரு காலை, சித்தப்பா துணிப்பையோடு புறப்பட்டார். எங்கே என்று பெரியம்மா கேட்டதற்கு, "திண்டிவனம் வரைக்கும் போய்ட்டு வர்றேன் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை.

அவரைத் தேடிய விதத்தை இன்று நினைத்தாலும் எனக்கு வியப்பாக இருக்கிறது. மெட்ராசில் தேடினார்கள். பெங்களூரில் தேடினார்கள். ரயில்வே பாஸ் இருந்ததால் அப்பா பம்பாய்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஜோசியர், மேற்கே தண்ணீர் தாண்டி இருக்கிறார் என்றார். பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய திண்டிவனத்தில் மட்டும் யாரும் தேடவில்லை. ஓடிப்போகிறவன் போகிற இடத்தைச் சொல்லிவிட்டுப் போவானா என்பது ஒரு காரணம். இன்னொன்று, வெளியே சொல்லிக்கொள்ளாதது. தம்பி பம்பாயில் இருக்கிறான் என்றால் குடும்பத்துக்கு ஒரு கௌரவம் இருந்தது. திண்டிவனத்தில் இருக்கிறான் என்றால் என்ன இருக்கிறது?

அப்போது எனக்கு நாலு வயது. அவர் முகம் மனதில் நிற்கவில்லை. எனவே சித்தப்பா என்றால் எனக்குக் கோட்டுப் போட்ட படம்தான்.

சித்தி அந்த வீட்டிலேயே இருந்தாள். தண்ணீர் இறைத்தாள், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை உரித்தாள், எங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள், பண்டிகை நாட்களில் தெற்குச் சுவரில் இருந்த தாத்தாவுக்கும் பாட்டிக்கும் பொட்டு வைத்தாள். ஆண்டுதோறும் பொங்கலுக்கு அவளுடைய அண்ணன் கண்டமங்கலத்திலிருந்து சீர் கொண்டு வருவார். கரும்பையும் மஞ்சள் கொத்தையும் இறக்கி வைத்துவிட்டு, வந்த விஷயத்துக்கு வருவார்.

"தங்கச்சிய அனுப்புங்க மாமா. படிச்ச பொண்ணு. டீச்சர் ட்ரெய்னிங் சேத்து வுடறேன். அது பாட்டுக்குப் பொழச்சிக்கும்."

பெரியப்பா வடக்குச் சுவரைக் காட்டுவார்.

"எந் தம்பி உசுரோட இருக்கான். நாளைக்கி வந்து, எம் பொண்டாட்டி எங்கன்னு கேட்டா நான் என்னா பதில் சொல்றது?"

"எத்தினி வருஷமா ஒரு தகவல் இல்லையே."

"சட்டம்னு ஒண்ணு இருக்குது தம்பி. ஏழு வருஷம் யாருக்கும் தகவல் இல்லன்னாத்தான் செத்ததா எடுத்துக்கலாம். அதுக்கு இன்னும் காலம் இருக்குது."

"அது முடிஞ்சா அனுப்புவீங்களா?"

"அப்ப பாத்துக்கலாம்."

எழுத்தர்கள் உலகெங்கும் சொல்கிற பதில் அது. நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். அண்ணன் வெறும் கையோடு திரும்புவார். சித்தி வெல்லத்தை எடுத்து உள்ளே வைப்பாள்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, மார்கழி மாதத்தில், அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கைக்குத் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. பத்தியச் சாமான் கொண்டுபோக வேண்டும். அம்மாவுக்குக் காய்ச்சல். சித்தியை அனுப்பினார்கள். தனியாகப் பெண்ணை அனுப்பக்கூடாது என்பதால் ஆண் துணையாக என்னை அனுப்பினார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு வேண்டும் என்று அழுதது தவிர, அந்தக் கடமையை நான் சரியாகவே செய்தேன்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும் வழியில், மல்லாட்டை மண்டிக்குப் பக்கத்தில், சித்தி நின்றுவிட்டாள். எதிரே ஒரு சைக்கிள் கடை. லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர், குந்தி உட்கார்ந்து, தகரத் தொட்டித் தண்ணீரில் டியூபை முக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முதுகில் ஒரு சின்னப் பெண் தொங்கிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து ஒரு பெண்மணி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, குழந்தையைத் திட்டி இறக்கிவிட்டுப் போனாள்.

சித்தி என்னைச் சோடாக்கடை நிழலுக்கு இழுத்தாள். எனக்கு ஒரு கலர், தனக்கு ஒரு சோடா வாங்கினாள். கேட்காமலே கலர் கிடைத்த நாள் என் வாழ்வில் அது ஒன்றுதான். ஆகவே நான் வேறு எதையும் ஆராயவில்லை. குமிழி மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.

சைக்கிள் கடைக்காரர் தலையைத் தூக்கினார். எங்களைப் பார்த்தார். கையிலிருந்த டியூபிலிருந்து குமிழி குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது.

"சித்தி, குமிழி வருது. அவுரு பாக்கவே இல்ல" என்றேன்.

"பாத்துட்டாருடா" என்றாள் சித்தி.

அவர் குனிந்து மறுபடி தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்தார். குமிழி நின்றுவிட்ட பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்தப் பாப்பாவுக்கு என்னா வயசு இருக்கும்?"

"மூணு இருக்கும். இல்லன்னா மூணரை."

"ம்" என்றாள். தன் சோடாவையும் என்னிடம் கொடுத்துவிட்டாள். ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நெடுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஏதோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல் திடீரென்று சொன்னாள்: "உங்க சித்தப்பாவ யாரு யாரோ என்னென்னவோ சொல்றாங்க. ஆனா பொய் மட்டும் பேச மாட்டாருடா."

தலையாட்டினேன். இரண்டு பாட்டில் குடித்திருந்த எனக்கு வேறு அவசரம் இருந்தது. விழுப்புரத்தில் இறங்கும்போது, "கலர் குடிச்சத ஊட்ல சொல்லாத கண்ணு. சளி புடிக்கும்னு திட்டுவாங்க" என்றாள். சொல்லவில்லை. கலரைச் சொல்லாவிட்டால் அந்தப் பயணத்தில் சொல்வதற்கு எனக்கு வேறொன்றும் இருக்கவில்லை.

அந்தப் பொங்கலுக்கும் வெள்ளையடித்தார்கள். ஆனால் பெரியப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. தவலை தூக்கினார் என்று பெரியம்மா சொன்னாள். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தே வந்தது என்று அவர் சொன்னார். எப்படியோ, போகிக்கு முந்தின நாள் அவரால் ஸ்டூலில் ஏற முடியவில்லை. உள்ளறையில் மல்லாந்து படுத்து, உத்தரவுகளை மட்டும் வெளியே அனுப்பினார். படம் மாட்டும் பொறுப்பு சித்திக்கு வந்தது. படங்களை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு.

"கெழக்கு முடிஞ்சுதா?" என்று அறையிலிருந்து குரல்.

"முடிஞ்சுதுங்க."

"வடக்கு?"

"முடிஞ்சுதுங்க."

வடக்குச் சுவரில் பெரியப்பா, பெரியம்மா, அப்பா, அம்மா மாட்டியாயிற்று. கோட்டுப் படம் கட்டிலில் மிச்சம் இருந்தது. எடுத்து நீட்டினேன். "அது இருக்கட்டும்" என்றாள். தெற்குச் சுவருக்குப் போனோம். தாத்தா. பாட்டி. பிறகு சித்தி வாயிலிருந்து இன்னொரு ஆணியை எடுத்து, பாட்டிக்குப் பக்கத்தில் வைத்து அடித்தாள்.

"அங்க என்னா இன்னும் ஆணிச் சத்தம்?"

"ஒண்ணு ஆடுதுங்க" என்றாள் சித்தி.

இப்போது கையை நீட்டினாள். கொடுத்தேன். சித்தப்பாவை மாட்டினாள். இறங்கிவந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, மறுபடி ஏறி இடது பக்கம் ஒரு நூல் உயர்த்தினாள். சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். தாத்தாவுக்கு, பாட்டிக்கு, பிறகு அவருக்கு. அவருக்கு வைக்கும்போது மட்டும் முந்தானையால் முதலில் கண்ணாடியைத் துடைத்து, நடு நெற்றி எது என்று விரலால் அளந்து, நிதானமாக வைத்தாள். பள்ளிக்கூடத்தில் வரைபடத்தில் ஊர் குறிப்பதைப் போல இருந்தது.

விளக்கேற்ற வந்த பெரியம்மாதான் முதலில் பார்த்தாள். அவள் போட்ட சத்தத்தில் பெரியப்பாவின் இடுப்பு பாதி குணமாகிவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"அடிப்பாவி! உசுரோட இருக்கறவனுக்குப் பொட்டு வெச்சிட்டாளே! தொடைங்க அத மொதல்ல!" என்றாள் பெரியம்மா.

அம்மா முந்தானையைச் சுருட்டிக்கொண்டு ஸ்டூலில் ஏறிவிட்டாள். கை கண்ணாடிக்கருகே போனபோது பெரியப்பா கத்தினார்.

"ஏய், நில்லு! பொட்ட அழிச்சா என்னான்னு அர்த்தம்?"

அம்மாவின் கை அப்படியே நின்றது. பொட்டை அழிப்பது எப்போது நடக்கும் என்று கூடத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"அழிக்காம வுட்டா மட்டும் என்னா அர்த்தமாம்?" என்றாள் பெரியம்மா.

பெரியப்பாவின் வாழ்க்கையில் விதி இல்லாத ஒரு பொருளை அவர் சந்தித்தது அன்றுதான். வைத்திருந்தால் தம்பி செத்தவன். துடைத்தால் தாங்களே சாகடித்தவர்கள். ஸ்டூலின் மேல் அம்மா கையைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தாள். இறங்கலாமா என்று கேட்கவும் பயம்.

கடைசியில் அவர் ஆபீஸ் விதியில் தஞ்சம் புகுந்தார். "உத்தரவு போட்டவங்கதான் ரத்து பண்ணணும். வேற ஆரும் தொடக் கூடாது" என்றார். இதுதான் நான் சொன்ன தீர்ப்பு. பிறகு சித்தியின் பக்கம் திரும்பினார். வழக்கமாக அவளிடம் நேராகப் பேசமாட்டார். அன்று பேசினார்.

"நீ வெச்ச. நீயே எடு."

"எடுக்க மாட்டேங்க."

"அவன் போயிட்டான்னு உனுக்கு எப்பிடித் தெரியும்? கண்ணால பாத்தியா?"

"பாத்தேங்க" என்றாள் சித்தி.

பெரியம்மாதான் மெல்லக் கேட்டாள்: "கனாவுலயா?"

சித்தி ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. கனவு எங்கள் வீட்டில் செல்லுபடியாகும் ஆவணம். தாத்தா கனவில் வந்து சொன்னதன் பேரில் கிணற்றையே இடம் மாற்றியவர்கள் நாங்கள். பெரியம்மா முகம் மாறி, "எந்தக் கோலத்துலடி இருந்தாரு?" என்று கேட்டாள்.

"தண்ணியப் பாத்துக்கினு குந்தியிருந்தாரு. நிமுந்து என்னப் பாத்தாரு. அப்புறம் குனிஞ்சிக்கினாரு. அவ்ளோதான்."

"தண்ணி! ஜோசியரு சொன்னாரே!" என்று பெரியம்மா அழ ஆரம்பித்தாள். பெரியப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, அழுகையின் நடுவிலேயே, பெரியம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அப்ப உன் நெத்தியில இருக்கறது? தலையில பூவு?"

"சட்டப்படி இன்னும் காலம் இருக்குதுன்னு பெரியவரு சொன்னாருங்களே" என்றாள் சித்தி.

பெரியப்பா அவளைப் பார்த்த பார்வையை நான் பிற்காலத்தில் பல மேலதிகாரிகளிடம் கண்டிருக்கிறேன். கீழே உள்ளவன் விதிப் புத்தகத்தைப் படித்திருக்கிறான் என்று தெரியவரும்போது வருகிற பார்வை.

பொங்கலன்று அவளுடைய அண்ணன் சீரோடு வந்தார். கரும்பை இறக்காமலே தெற்குச் சுவரைப் பார்த்துவிட்டு, "ஐயோ மாப்ளே!" என்று உரக்க அழுதார். அழுது பழக்கமில்லாதவர், கண்ணில் ஒன்றும் வரவில்லை. அவருக்கு முன்பே தெரியுமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அழுது முடித்துத் துண்டை உதறிக்கொண்டு, "தங்கச்சிய அனுப்புங்க மாமா" என்றார். பெரியப்பா பழக்கத்தின் பேரில் வடக்குச் சுவரைக் காட்டக் கையைத் தூக்கினார். அங்கே காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

"இட்டுக்கினு போ" என்றார்.

காணும் பொங்கலன்று சித்தி புறப்பட்டாள். ட்ரெய்னிங் முடித்து, கண்டமங்கலம் பக்கத்துப் பள்ளிகளில் ஓய்வு பெறும்வரை டீச்சராக இருந்தாள். நெற்றியில் பொட்டு எப்போதும் இருந்தது. சட்டம் சொன்ன காலம் முடிந்த பிறகும் இருந்தது. அதைக் கேட்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

பெரியப்பா இறந்தபோது நான் உத்தியோகத்தில் இருந்தேன். கருமாதியன்று அவருடைய படத்தை வடக்கிலிருந்து இறக்கித் தெற்கே மாட்ட ஸ்டூலில் ஏறினேன். ஸ்டூல் ஆடியது. யாரோ வந்து பிடித்துக்கொண்டார். குனிந்து பார்த்தேன். நரைத்த தலை, விரல் நகங்களில் கழுவினாலும் போகாத கறுப்பு. அம்மா கூடத்தின் மறுபக்கத்திலிருந்து, பேய் பார்த்ததைப் போல, "இத்தினி வருஷம் எங்கடா இருந்த?" என்றாள்.

"திண்டிவனத்துலதான் அண்ணி. சொல்லிட்டுத்தான போனேன்."

அவர் நிமிர்ந்து தெற்குச் சுவரைப் பார்த்தார். கோட்டுப் போட்ட தன்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பொட்டு யாரு வெச்சது?"

"உம் பொண்டாட்டி."

"நேரா வெச்சிருக்கா" என்றார். அண்ணனைத் தன் படத்துக்குப் பக்கத்தில் நான் மாட்டி முடிக்கும்வரை ஸ்டூலை விடவில்லை. சாப்பிட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸில் போய்விட்டார். படத்தை வடக்கே மாற்ற வேண்டுமா என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லை. சில ஆண்டுகள் கழித்து அவர் திண்டிவனத்தில் உண்மையாகவே காலமானார் என்று தகவல் வந்தபோது, வீட்டில் செய்ய வேண்டிய வேலை எதுவும் பாக்கியிருக்கவில்லை.

அந்தப் படச்சட்டம் பிறகு என்னிடம் வந்தது. ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும் என்று ஸ்டூடியோக்காரர் சொன்னதால், பொட்டோடு சேர்த்தே படமெடுத்துக் கணினியில் ஏற்றினேன். மனைவிக்கும் ஒரு வழியாகச் சமாதானம் சொல்லிவிட்டேன். என் அறையில் கணினி இருக்கும் மேசை தெற்குச் சுவரை ஒட்டிப் போட்டிருக்கிறது. அவர் விதிப்படி இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறார். அவள் ஒப்புக்கொண்டாள், குப்பைத் தொட்டியை மட்டும் அவர் தோளிலிருந்து நகர்த்த வேண்டும் என்ற நிபந்தனையோடு. நகர்த்திவிட்டேன்.

சித்தி புறப்பட்ட அந்தக் காணும் பொங்கலன்று, டிரங்குப் பெட்டியின் ஒரு பக்கத்தை நான்தான் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை போனேன். அவள் தலை நிறைய டிசம்பர் பூ வைத்திருந்தாள். அண்ணன் முன்னால் போய்க்கொண்டிருந்தார். எனக்கு ஒரு கவலை இருந்தது. பெரியப்பாவிடம் கேட்க முடியாத கேள்வி.

"சித்தி, சித்தப்பா திரும்பி வந்துட்டா?"

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். என் தலைமுடியைச் சரிசெய்தாள்.

"வந்தா உள்ள கூப்பிட்டுச் சோறு போடுங்க. போட்டோவ மட்டும் எடம் மாத்தாதீங்க."

சரி என்று பெரிய மனிதனைப் போலத் தலையாட்டினேன். அப்போதுதான் வெள்ளையடித்த சுவர். மறுபடி ஆணி பிடுங்கி அடித்தால் பூச்சு பெயர்ந்துவிடும் என்பதற்காகத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.